ஆவணியில் 16, கார்த்திகையில் பூஜ்யம்

"முன்ன மாதிரி இல்லைங்க, இப்பல்லாம் குறைச்சுட்டேன்."

சிகரெட் பிடிப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் இந்த வார்த்தை வந்து விழும். திருவண்ணாமலை தேரடி வீதியில் ஆட்டோ ஓட்டுபவரும் இதையே சொல்வார், செங்கம் சாலையில் லாட்ஜ் நடத்துபவரும் இதையே சொல்வார். பொய்யென்று தள்ளிவிட முடியாது. 20 பிடித்துக்கொண்டிருந்தவர் நிஜமாகவே 10-க்கு வந்திருப்பார். மனைவிக்குத் தெரியும், பெட்டிக்கடைக்காரருக்குத் தெரியும். தெரியாதது அவருடைய நுரையீரலுக்கு மட்டும்தான்.

சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த நீல் பெனோவிட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதை அளந்து பார்த்து 1986-இல் வெளியிட்டார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 37 சிகரெட் பிடித்தவர்களை 15, 10, 5 என்று வெவ்வேறு அளவுகளுக்கு இறக்கினார்கள். 37 எங்கே, 5 எங்கே! ஏழில் ஒரு பங்குதான். உடம்புக்குள் போகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதே வீதத்தில் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? ஏறக்குறைய பாதிதான் குறைந்தது. மிச்சமிருந்த ஒவ்வொரு சிகரெட்டிலிருந்தும் முன்பைவிடச் சுமார் மூன்று மடங்கு நிகோடினை அவர்கள் உறிஞ்சியிருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களும் வேண்டுமென்று செய்யவில்லை.

எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். கிரிவலப் பாதையில் ஏதாவது ஒரு பெட்டிக்கடை ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றால் போதும். பாக்கெட்டாக வாங்குபவர்கள் குறைவு. ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்குபவர்கள்தான் அதிகம். கடை முகப்பில் கயிற்றில் லைட்டர் தொங்கும். நாள் முழுக்கப் பிடிப்பவர் பற்றவைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார். நடுவில் இரண்டு இழுப்பு. சாம்பல் நீண்டு தானாக உதிரும். மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே கீழே போட்டு மிதித்துவிட்டு வண்டியை எடுப்பார். குறைத்துக்கொண்டவரின் கதை வேறு. அவர் பேசமாட்டார். முதல் இழுப்பிலேயே இரண்டு கன்னமும் உள்வாங்கும். புகையை உடனே விடமாட்டார். உள்ளே நிறுத்தி, மூக்கு வழியாக மெல்ல விடுவார். நெருப்பு ஃபில்டரைத் தொட்டு விரல் சுடும்போதுதான் கை தாழும். இருவரும் கடைக்காரரிடம் கொடுத்த காசு ஒன்றுதான். அந்தக் காசுக்கு இரண்டாமவர் வாங்கிக்கொண்ட புகை மிக அதிகம்.

குறைப்பதால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காகக் குறைத்தால் அது சிகரெட்டை விடுவதற்கு நல்ல வழி என்பதற்கு இன்று போதுமான சான்று இருக்கிறது. "ஒழுங்காக" என்றால் என்ன என்பதுதான் இந்த அத்தியாயம்.

அதற்கு முன்னால் இந்த ஊருக்கே உரிய ஒரு சமாதானத்தையும் சொல்லிவிடலாம். "விசிறி சாமியாரே பிடிச்சாருங்க" என்பார்கள். யோகி ராம்சுரத்குமார் 1959-இல் திருவண்ணாமலைக்கு வந்தவர். 2001 பிப்ரவரியில் மறைந்தார். கையில் பனையோலை விசிறியும் கொட்டாங்கச்சியும், விரலிடுக்கில் சிகரெட்டுமாக அவரைப் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் நிறையப் பேர் உண்டு. அவர் தன்னைப் பிச்சைக்காரன் என்று சொல்லிக்கொண்டார், உடைமை என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள எத்தனையோ இருக்க, சிகரெட்டை மட்டும் எடுத்துக்கொள்பவரோடு வாதாடிப் பயனில்லை. மேலே போவோம்.

மூளைக்குள் நடப்பது

இழுத்த புகையிலிருக்கும் நிகோடின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. ஊசியில் மருந்து ஏற்றினால்கூட இவ்வளவு சீக்கிரம் போகாது. அங்கே ஆல்ஃபா-4 பீட்டா-2 என்று பெயரிடப்பட்ட ஏற்பிகள் இருக்கின்றன. உடல் தானே சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் வந்து அமர்வதற்கான இடங்கள் அவை. நிகோடின் அந்த இடங்களில் அமர்ந்துகொண்டு டோபமைனைச் சுரக்க வைக்கிறது. 'தம்' அடித்ததும் வரும் தெளிவும் இதமும் அதுதான்.

2006-இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆர்தர் பிராடி குழுவினர், புகைப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து இந்த ஏற்பிகளில் எத்தனை நிரம்புகின்றன என்று பார்த்தார்கள். ஒன்றிரண்டு இழுப்பிலேயே பாதி நிரம்பிவிட்டது. அப்படி நிரம்பியது சுமார் 3 மணி நேரம் அப்படியே இருந்தது. ஒரு சிகரெட்டை முழுதாகப் பிடித்தபோது 88 சதவீதத்துக்கும் மேல் நிரம்பியது. அதாவது, காலையில் எழுந்ததும் பிடிக்கிற ஒன்றே ஏற்பிகளை ஏறக்குறைய நிறைத்துவிடுகிறது. நிறைந்த ஏற்பிகள் கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகின்றன. அதன் பிறகு நாள் முழுக்கப் பிடிக்கும் மற்ற சிகரெட்டுகள் புதிதாக இன்பம் எதையும் தருவதில்லை. நிரம்பியது காலியாகாமல் பார்த்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். காலியாகத் தொடங்கினால் எரிச்சல், படபடப்பு, கவனம் சிதறுவது, காரணமில்லாத கோபம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

ரத்தத்தில் நிகோடினின் அரை ஆயுட்காலம் சுமார் 2 மணி நேரம். 8 மணி நேரத் தூக்கத்தில் நான்கு முறை பாதியாகி, படுக்கும்போது இருந்ததில் பதினாறில் ஒரு பங்குதான் விடியும்போது மிஞ்சும். மரத்திருந்த ஏற்பிகள் அதற்குள் விழித்துக்கொண்டிருக்கும். காலையின் முதல் சிகரெட் தனிச்சுவை என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இந்த எட்டு மணி நேரப் பட்டினி. எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறார் என்ற ஒரே கேள்வியில் அடிமைத்தனத்தின் ஆழம் பெருமளவு தெரிந்துவிடும் என்று காட்டியவர் சுவீடனின் கார்ல் ஃபாகர்ஸ்ட்ரோம். அரை மணி நேரத்துக்குள் என்றால் பிடி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். பல்கூடத் துலக்காமல் பற்றவைப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது, தானாகவே குறைப்பவர் எந்தெந்தச் சிகரெட்டை விடுகிறார் என்று பாருங்கள். வண்டிக்காகக் காத்திருக்கும்போது சும்மா பிடிப்பதை விடுவார். நண்பர் நீட்டியதற்காகப் பிடிப்பதை விடுவார். விடாமல் வைத்துக்கொள்வது காலையில் ஒன்று, டீயோடு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்ததும் ஒன்று. அதாவது ருசி இல்லாதவற்றைக் கழித்துவிட்டு, ருசி மிகுந்தவற்றை மட்டும் சேர்த்து வைத்துக்கொள்கிறார். இடைவெளி கூடக் கூட ஏற்பிகள் நன்றாக விழித்திருக்கும். ஒவ்வொரு சிகரெட்டின் மதிப்பும் ஏறும். டீயைப் பார்த்தால் சிகரெட், கோபம் வந்தால் சிகரெட் என்று மூளை கட்டிவைத்த முடிச்சுகள் இன்னும் இறுகும். 20-இலிருந்து 10-க்கு எளிதாக வந்தவர் 10-இலிருந்து 5-க்கு வர முடியாமல் திணறுவதும், ஒரு மரண வீடோ கல்யாண வீடோ வந்ததும் மறுபடி 20-க்குப் போய்விடுவதும் இதனால்தான். மனவுறுதி இல்லை என்று அவரைத் திட்டுவது எளிது. அவர் குறைத்த விதமே அவருக்கு எதிராக வேலை செய்தது என்பதுதான் உண்மை.

கடிகாரத்திடம் விடுவது

இதற்கு ஒரு மாற்றை டெக்சாஸில் பால் சின்சிரிப்பினி என்ற உளவியலாளர் சோதித்தார். முடிவுகள் 1995-இல் வெளிவந்தன. 128 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவினர் விருப்பப்படி குறைத்துக்கொண்டே வந்து, குறித்த நாளில் விட வேண்டும். இன்னொரு குழுவினரும் குறைக்க வேண்டும். ஆனால் எப்போது பிடிப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யக் கூடாது. விழித்திருக்கும் நேரத்தைச் சிகரெட் எண்ணிக்கையால் வகுத்து, இந்த மணிக்கு ஒன்று, அந்த மணிக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டார்கள். மணி வந்தால் ஆசை இல்லாவிட்டாலும் மாத்திரை போடுவது மாதிரி பிடித்துவிட வேண்டும். மணி வராவிட்டால் ஆசை வந்தாலும் கிடையாது. தவறவிட்டதைச் சேர்த்துவைத்து அப்புறம் பிடிக்கவும் கூடாது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, விருப்பப்படி குறைத்தவர்களில் 18 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். மணி பார்த்துக் குறைத்தவர்களில் 44 சதவீதம். குறைக்காமல் சட்டென்று விட்ட சாதாரணக் குழுவில் 22 சதவீதம்.

128 பேரை நான்காகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு முப்பதுக்குச் சற்று மேல்தான் வரும். சிறிய ஆய்வுதான், சதவீதங்களை அப்படியே கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் காரணம் தெளிவானது. மணி சொல்லிப் பிடிக்கும்போது டீக்கும் சிகரெட்டுக்கும் உள்ள முடிச்சு அவிழ்கிறது. கோபம் வந்தது, சிகரெட் வரவில்லை. கோபம் தானே தணிந்தது. மூளை இதைக் கவனித்து வைத்துக்கொள்கிறது. நாளுக்கு நாலைந்து முறை இந்தப் பாடம் நடக்கிறது, அதுவும் நிகோடின் உடம்பில் இருக்கும்போதே. விடப்போகும் நாளுக்கு முன்பே பழக்கத்தை உடைக்கும் வேலையில் பாதி முடிந்துவிடுகிறது.

அப்படியானால் மெதுவாகக் குறைப்பதுதான் சிறந்ததா, ஒரே வெட்டாக வெட்டுவதா? 2016-இல் இங்கிலாந்தில் நிக்கோலா லிண்ட்சன் குழுவினர் 697 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதி இரண்டு வாரத்தில் முக்கால் பங்கைக் குறைத்துவிட்டு நிறுத்தியது. மறு பகுதி குறித்த நாளில் சட்டென்று நிறுத்தியது. இரண்டு தரப்புக்கும் நிகோடின் சூயிங்கம் போன்ற உதவி உண்டு. ஆறு மாதம் கழித்து, சட்டென்று விட்டவர்களில் 22 சதவீதம் பேரும் குறைத்து விட்டவர்களில் 15.5 சதவீதம் பேரும் தாக்குப்பிடித்திருந்தார்கள். ஆனால் 2019-இல் அதே லிண்ட்சன் உலகெங்கும் நடந்த 51 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது இரண்டு வழிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் கருத்து இது: நாளைக்கே விட முடியும் என்று தோன்றுபவர் நாளைக்கே விடட்டும், அவருக்கு இந்த அத்தியாயம் வேண்டாம். "நாளைக்கு முடியாதுங்க" என்பவர்தான் எண்ணிக்கையில் அதிகம். அவரைத் திருப்பி அனுப்பாமல் இருக்கக் கையில் ஒரு வழி வேண்டும்.

அந்த வழிக்கு இதுவரை கிடைத்தவற்றில் வலுவான சான்று ஜான் எபர்ட் குழுவினர் 2015-இல் வெளியிட்டது. அடுத்த ஒரு மாதத்துக்குள் விடத் தயாரில்லை, ஆனால் குறைத்து மூன்று மாதத்தில் விடச் சம்மதம் என்று சொன்ன 1,510 பேரை எடுத்துக்கொண்டார்கள். 4 வாரத்தில் பாதி, 8 வாரத்தில் கால் பங்கு, 12 வாரத்தில் பூஜ்யம். பாதிப் பேருக்கு வாரெனிக்ளின் என்ற மாத்திரை. மற்றவர்களுக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெற்று மாத்திரை. 15-ஆவது வாரத்திலிருந்து 24-ஆவது வாரம்வரை சிகரெட்டைத் தொடாமல் இருந்தவர்கள், மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம். வெற்று மாத்திரைக்காரர்களில் 7 சதவீதம்.

நான்கு வாரம், நான்கு வாரம், நான்கு வாரம். திருவண்ணாமலைக்காரருக்கு இதற்குக் காலண்டர் தேவையில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29 நாள் சொச்சம்.

கிரிவலக் காலண்டர்

ஆவணிப் பௌர்ணமியில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 5 மணிக்கு எழுந்து இரவு 9 மணிக்குப் படுக்கும் ஓர் ஆட்டோக்காரர். விழித்திருப்பது 16 மணி நேரம், பிடிப்பது 16 சிகரெட். கணக்குக்கு வசதியாக மணிக்கு ஒன்று. புரட்டாசிப் பௌர்ணமிக்குள் 8-க்கு வர வேண்டும்: 6, 8, 10, 12 என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. நடுவழியில் 12-இல் இரண்டு வாரம் நின்றுகொள்ளலாம். ஐப்பசிப் பௌர்ணமியில், கோயிலில் அன்னாபிஷேகம் நடக்கும் நாளில், 4: காலை 8, நண்பகல் 12, மாலை 4, இரவு 8. எழுந்ததும் பிடித்த 5 மணிச் சிகரெட் இதில் முதலில் 6 மணிக்கும் பிறகு 8 மணிக்கும் தள்ளிப்போயிருப்பதைக் கவனியுங்கள். எட்டு மணி நேரப் பட்டினிக்குப் பின் கிடைக்கும் அந்தப் பெரிய பரிசைத் தள்ளிப்போடுவதே பாதிச் சிகிச்சை. கார்த்திகையில், 2,668 அடி உயர மலையுச்சியில் மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏற்றும் நாளில், பூஜ்யம்.

நான்கிலிருந்து மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்க வேண்டுமா? நானாக இருந்தால் இறங்கமாட்டேன். ஒன்றில் வந்து உட்கார்ந்துகொண்டு வருடக்கணக்கில் எழாதவர்கள் இருக்கிறார்கள். மிச்சமிருக்கும் ஒன்றுதான் எல்லாவற்றிலும் ருசியானது, அதை விடுவதுதான் கடினம். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை என்ற நிலையிலிருந்து நேராகக் குதித்துவிடுவது நல்லது.

கிரிவலமே இதில் ஒரு பயிற்சி. 14 கிலோமீட்டர், கூட்டமும் தரிசனமும் சேர்ந்து நாலு மணி நேரம் ஆகலாம். இரண்டு அரை ஆயுட்காலம். ராஜகோபுரத்தில் தொடங்கும்போது ரத்தத்தில் இருந்த நிகோடினில் கால் பங்குதான் திரும்பி வரும்போது இருக்கும். இவ்வளவு இறங்கியும் பலருக்கு வழியில் ஆசை அவ்வளவாக எழுவதில்லை. வேகமாக நடப்பது புகைக்கும் வேட்கையை அந்த நேரத்துக்குத் தணிக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பத்துப் பதினைந்து நிமிட நடைக்கே அந்தப் பலன் உண்டு. வேட்கை என்பது வந்தால் ஏறிக்கொண்டே போவதில்லை. சில நிமிடங்கள் உச்சத்தில் நின்றுவிட்டு இறங்கிவிடும். அக்னி லிங்கத்தில் வந்தது எம லிங்கத்துக்குள் போய்விடும்.

கார்த்திகை பிறந்தால் இதே ஊரில் இன்னொன்றும் நடக்கும். ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். ஒரு பாக்கெட் பிடித்தவர் துளசி மணி கழுத்தில் விழுந்த நிமிடத்திலிருந்து 41 நாள் தொடமாட்டார். குறைப்பது, சூயிங்கம் மெல்வது எதுவும் கிடையாது, ஒரே வெட்டு. எப்படி முடிகிறது? பக்தி என்று ஒரு சொல்லில் முடித்துவிடாமல் சுற்றிலும் பார்க்கலாம். நாள் முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது. ஊருக்கே தெரியும். நேற்றுவரை "மச்சான், ஒரு தம்மு" என்று நீட்டியவன் இன்று "சாமி" என்று கூப்பிட்டு விலகி நிற்கிறான். பெட்டிக்கடைக்காரரே கொடுக்கமாட்டார். காலையில் சிகரெட்டுக்கு இருந்த நேரத்தில் பச்சைத்தண்ணீர்க் குளியலும் சரணமும் வந்துவிட்டன. வெளிநாட்டு ஆலோசனை மையங்கள் காசு செலவழித்து ஏற்பாடு செய்வதை நம் தெரு இலவசமாகச் செய்துவிடுகிறது.

பிறகு மாலையைக் கழற்றிய அன்றைக்கே பற்றவைக்கிறார். இது உடம்பின் கோளாறு இல்லை. விடுவதால் வரும் தொல்லை முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். புகைப்பவரின் மூளையில் பெருகிக் கிடக்கும் ஏற்பிகள் புகைக்காதவரின் அளவுக்கு இறங்க 6 முதல் 12 வாரம் ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். 41 நாள் என்பது ஏறக்குறைய 6 வாரம். கஷ்டமான பகுதி முழுவதையும் கடந்து வந்துவிட்டார். அவரைப் பிடித்து இழுப்பது வேறு: விரதத்துக்கு முடிகிற நாள் என்று ஒன்று இருந்தது, அந்த நாளுக்காக அவர் ஒரு மண்டலமாகக் காத்துக்கொண்டிருந்தார். குறைக்கும் திட்டம் போடுபவர் மாலை போடுவதிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம், அந்தக் கடைசி நாளைத் தவிர.

ஒன்றுகூட ஏன் கூடாது

"நாளுக்கு ஒண்ணுதானே, அதுல என்ன வந்துடப்போகுது?" இந்தக் கேள்விக்கு 2018-இல் லண்டனின் ஆலன் ஹாக்ஷா குழுவினர் 141 ஆய்வுகளைத் தொகுத்துப் பதில் சொன்னார்கள். 20 சிகரெட் பிடிப்பவருக்கு மாரடைப்பு, பக்கவாதம் வரும் அபாயம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி, ஒன்று மட்டும் பிடிப்பவருக்கும் இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு என்பது நம் மனக்கணக்கு. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதற்கும் ரத்தக் குழாயின் உள்சுவர் கெடுவதற்கும் கொஞ்சம் புகையே போதும். நுரையீரல் புற்றுநோய் வேறு மாதிரி; அங்கே அளவு குறைந்தால் அபாயமும் ஓரளவு குறைகிறது. ஆனால் நார்வேயில் பாதிக்கும் மேல் குறைத்துவிட்டு அதோடு நின்றவர்களை நீண்டகாலம் கவனித்தபோது, மொத்தத்தில் அவர்கள் சாவைத் தள்ளிப்போட்டதாகத் தெரியவில்லை.

நம் பக்கத்துக்கு நெருக்கமான சான்றும் உண்டு. திருவண்ணாமலையை ஒட்டிய விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் சென்னையிலும் இறந்த 43,000 ஆண்களின் வீடுகளுக்குப் போய் விசாரித்து, வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோ முதலானோரும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உலகம் எதிர்பார்த்தது புற்றுநோயை. இங்கே முன்னால் வந்து நின்றது காசநோய். புகைப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதவரைவிட நான்கு மடங்குக்கும் மேல். உறங்கிக்கிடக்கும் கிருமியைப் புகை எழுப்பிவிடுகிறது.

இந்தக் கிராமங்களில் புகை என்றால் சிகரெட்டைவிடப் பீடி. "சிகரெட்டைக் குறைச்சுட்டேன், பீடிக்கு மாறிட்டேன்" என்பவர் குறைத்தது செலவை மட்டும். பீடியில் இருக்கும் புகையிலை கால் கிராம்கூட வராது, நிஜம். ஆனால் இலை சீக்கிரம் அணைந்துவிடும். அணையாமல் இருக்க விடாமல் இழுக்க வேண்டும். ஃபில்டரும் இல்லை. 30 வயதைத் தாண்டிய இந்திய ஆண்களில் சிகரெட் பிடிப்பவர் சுமார் 10 வருட ஆயுளையும், பீடி பிடிப்பவர் சுமார் 6 வருடத்தையும் இழக்கிறார் என்று பிரபாத் ஜா குழுவினர் 2008-இல் கணக்கிட்டார்கள். ஹான்ஸ் மாதிரிப் பாக்கெட் புகையிலையை உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு சிகரெட்டைக் குறைப்பவர், நுரையீரலுக்குப் போக வேண்டியதை வாய்க்குத் திருப்பிவிடுகிறார்.

குறைக்கும் நாட்களில் மணிக்கும் மணிக்கும் இடையே தவிப்பவருக்கு உதவ நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. 2 மில்லிகிராம் அளவுள்ளது மருந்துச் சீட்டு இல்லாமலே மெடிக்கலில் கிடைக்கும். புகையில் இருக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லாமல் நிகோடினை மட்டும் மெதுவாகக் கொடுப்பது அதன் வேலை. அதனால் சிகரெட்டை ஆழமாக இழுத்து ஈடுகட்ட வேண்டிய அவசியம் குறைகிறது. 51 ஆய்வுத் தொகுப்பிலும், குறைப்பவர்களுக்குச் சூயிங்கம் மாதிரி விரைவாக வேலை செய்யும் நிகோடினைக் கொடுத்தால் விடுபவர்கள் கூடுகிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் பலர் அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று விழுங்கிவிட்டு, விக்கலும் நெஞ்சு எரிச்சலும் வந்து தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். காரம் தெரியும்வரை மெல்ல மென்று, தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒன்று அரை மணி நேரம் வரும். வெற்றிலை போட்டுப் பழகிய வாய்க்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. டீ, காபி குடித்து கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அவற்றின் அமிலத்தன்மை இருக்கும்போது வாயின் தோல் நிகோடினை உறிஞ்சாது.

வாரெனிக்ளின் மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் வாங்க முடியும். இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சூயிங்கத்துக்குக்கூட முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2002-இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு நாட்டில் 13 புகையிலை விடுவிப்பு மையங்கள் தொடங்கியபோது சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவற்றில் ஒன்று. சென்னைவரை போக முடியாதவருக்கு, 2018 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் அச்சாகிவரும் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. பாக்கெட்டிலுள்ள எச்சரிக்கைப் படத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அதைத் திருப்பி வைப்பவர்களுக்கு அந்த எண் கண்ணில் படுவதே இல்லை. சில்லறையாக ஒன்று வாங்குபவருக்குப் பாக்கெட்டே கண்ணில் படாது.

கடைசியாக, பலரும் சொல்லாமல் விடும் ஒன்று. புகையிலுள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. அந்த நொதிதான் காஃபீனைச் சிதைப்பது. எனவே புகைப்பவர் உடம்பில் டீயும் காபியும் சீக்கிரம் கரைந்துபோகும். நாளுக்கு ஏழெட்டு டீ குடித்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. சிகரெட்டை விட்டதும் சில நாளிலேயே நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும். குடிக்கும் டீ அதே ஏழெட்டுதான், ஆனால் ரத்தத்தில் காஃபீன் இரண்டு மடங்காகிவிடும். கை நடுங்கும், தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும். "சிகரெட்டை விட்டதாலதான் இப்படி ஆகுது, ஒண்ணே ஒண்ணு பிடிச்சா சரியாயிடும்" என்று அவர் நினைப்பார். தீபத்தன்று விட்டவர் மறுநாளிலிருந்தே டீயைப் பாதியாக்கிவிட வேண்டும்.

இதே நொதி சில மருந்துகளையும் சிதைக்கிறது. வீசிங்குக்கு டெரிஃபிலின் போன்ற தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர்கள், மனநோய்க்கு ஒலான்சபின், குளோசபின் எடுப்பவர்கள் சிகரெட்டை விட்டால் அந்த மருந்துகளும் ரத்தத்தில் கூடும். புகைத்துக்கொண்டிருந்தபோது சரியாக இருந்த அளவு இப்போது அதிகமாகிவிடலாம். அப்படிப்பட்டவர்கள் விடப்போகும் தேதியை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று அவர்தான் பார்த்து முடிவு செய்வார்.